ஆறு மாதத்துக்கான பணம்: பக்கவாதத்துக்குப் பிந்தைய பயிற்சிக்கு நிதி திரட்டுதல்

சேரன்மகாதேவியிலோ வீரவநல்லூரிலோ ஒரு வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று ஒரு பக்கம் விழுந்துவிட்டால், முதல் வாரத்துக்கு வேண்டிய பணம் எப்படியாவது வந்துவிடும். மச்சான் நகையை அடகு வைத்துக் கொண்டுவருவார். பக்கத்து வீட்டு ஆச்சி சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் கொடுப்பார். ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறபோது யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. உயிர் தப்பி, ஆளை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்திய பிறகுதான் செலவின் இரண்டாம் பகுதி தொடங்குகிறது. அதற்குள் கொடுக்க நினைத்தவர்கள் எல்லாம் கொடுத்து முடித்திருப்பார்கள்.

ஆகவே இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான். பயிற்சிக்கு என்று தனியாகப் பணம் கேளுங்கள். மாதக் கணக்கில், முடியும் தேதி சொல்லிக் கேளுங்கள். முதல் வாரத்தில் வந்து குவியும் பணத்திலும் ஒரு பங்கை அன்றைக்கே பயிற்சிக்கென்று வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிற வீட்டில் இது நிச்சயமாக முடியும்.

ஆறு மாதம் என்பது ஏன்

பக்கவாதத்தில் மூளையின் செத்த பகுதி திரும்ப உயிர்பெறாது. அதைச் சுற்றியுள்ள பகுதிகள் அது செய்த வேலையில் கொஞ்சத்தை ஏற்றுச் செய்யப் பழகுகின்றன. பழக வேண்டுமானால் ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப, சரியான முறையில் செய்ய வேண்டும். இந்தப் பழக்கம் முதல் மூன்று மாதத்தில் வேகமாக ஏறும். ஆறு மாதம் வரை ஓரளவு ஏறும். பிறகும் முன்னேற்றம் உண்டு, ஆனால் மெதுவாகத்தான். இந்தக் காலத்தில் படுக்கையிலேயே விட்டுவிட்டால் விரல்கள் உள்ளே மடங்கி இறுகும், தோள் மூட்டு இறங்கி வலிக்கும், இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். பின்னால் அவற்றைச் சரிசெய்வதற்கே தனிச் செலவு ஆகும்.

"பயிற்சியை நாமே பார்த்துக் கற்றுக்கொண்டு செய்தால் போதாதா?" என்று வீட்டில் ஒருவர் கேட்பார். இந்தியாவில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளை வைத்து நடந்த 'அட்டெண்ட்' என்ற ஆய்வு 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. குடும்பத்தில் ஒருவருக்குப் பயிற்சி முறையைக் கற்றுக்கொடுத்து அனுப்பிய குழுவுக்கும், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற குழுவுக்கும் ஆறு மாத முடிவில் இறப்பிலோ பிறரை நம்பியிருக்கும் நிலையிலோ வித்தியாசம் தெரியவில்லை. வீட்டார் செய்வது வீண் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. தெரபிஸ்ட் வந்துபோகிற நேரம் போக மிச்ச நாள் முழுவதும் அவர் சொன்னதைச் செய்யவைப்பது வீட்டார்தான். ஆனால் செலவு மிச்சம் என்று படித்தவர் கையை அடியோடு விட்டுவிடாதீர்கள்.

எவ்வளவு வேண்டும் என்று தாளில் எழுதுங்கள்

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் டாக்டரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: என்னென்ன பயிற்சி, வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மாதம். பெரும்பாலும் பிசியோதெரபி இருக்கும். மூளையின் இடது பக்கம் அடிபட்டிருந்தால் வலது கை காலோடு பேச்சும் போயிருக்கலாம். அப்போது பேச்சுப் பயிற்சியும் சேரும். சட்டைப் பொத்தான் போடுவது, தானே சோறு எடுத்துச் சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளுக்கு ஆக்குபேஷனல் தெரபி என்று தனியாக ஒன்று உண்டு. மருத்துவமனை முத்திரையோடு இருக்கும் இந்த ஒரு தாள், பின்னால் யாரிடம் பணம் கேட்கப் போனாலும் உங்களுக்காகப் பேசும்.

கணக்கு இப்படிப் போகும். வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டுக்கு ஒரு நாளைக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர்க் கட்டணத்தைக் கேட்டு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் 13 வாரம் வாரத்துக்கு 5 நாள் என்றால் 65 நாள். அடுத்த 13 வாரம் வாரத்துக்கு 3 நாள் என்றால் 39 நாள். மொத்தம் 104 நாளுக்கு 41,600 ரூபாய். பேச்சுப் பயிற்சி வாரம் ஒருமுறை, 600 ரூபாய் என்றால் 26 வாரத்துக்கு 15,600. லட்சக்கணக்கில் ஆகும் என்று பயந்துபோய்ப் பயிற்சியையே தொடங்காமல் விடும் குடும்பங்கள் உண்டு. தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தால் அந்தப் பயம் ஓரளவு அடங்கிவிடும். கேட்கப் போகிறவருக்கும் வாயில் ஒரு தொகை இருக்கும்.

இதில் எல்லோரும் எழுதாமல் விடுகிற இனம் ஒன்று இருக்கிறது. அதுதான் பல வீடுகளில் பெரியது: கூட இருந்து பார்த்துக்கொள்கிறவரின் கூலி. பீடி சுற்றிக்கொண்டிருந்த மகள் தட்டை மூலையில் வைத்துவிட்டு அப்பாவைப் பார்க்கிறாள். பத்தமடையில் பாய் நெய்துகொண்டிருந்த மருமகள் தறியை விட்டு வருகிறாள். ஆறு மாதத்துக்கு அந்த வருமானம் இல்லை. இதைக் கேட்க வீட்டார் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட வேண்டாம், பட்டியலில் எழுதுங்கள். இந்தப் பணம் வராததால்தான் அந்தப் பெண் மூன்றாம் மாதம் வேலைக்குத் திரும்புகிறாள். அவள் போனதும் பயிற்சி நின்றுவிடுகிறது.

கேட்பதற்கு முன் எடுக்க வேண்டியவை

ஊரில் கை நீட்டுவதற்கு முன்னால் அரசிடம் இருப்பதை எடுத்துவிட வேண்டும். செலவு குறையும் என்பது ஒரு காரணம். "கவர்மென்ட்ல எல்லாம் இருக்கே, பார்த்தீங்களா?" என்று கேட்கிறவருக்குப் பதில் சொல்லவும் அது வேண்டும்.

முதலாவது, மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இந்தத் திட்டத்தை பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வரும் திட்டமாகவே பலருக்குத் தெரியும். வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் வீடு தேடி வந்து பயிற்சி கொடுப்பதும் இதில் அடக்கம். படுக்கையில் கிடப்பவருக்கான நோய் ஆதரவு நர்சும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். தெருவுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அக்காவிடமும் சொல்லிவையுங்கள். ஒரு வட்டாரம் முழுவதற்கும் ஒருவர் என்பதால் அவரால் தினமும் வர முடியாது. அவர் வரும் நாட்களைக் குறித்துக்கொண்டு, மீதி நாட்களுக்கு மட்டும் பணம் தேடுங்கள். அவர் கற்றுக்கொடுப்பதை போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றோடும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் பதிவு செய்யலாம். சந்தேகத்துக்கு 1800 425 3993. இது உள்நோயாளிச் செலவுக்கான அட்டை. வீட்டில் நடக்கும் ஆறு மாதப் பயிற்சிக்கு இதை நம்பியிருக்க முடியாது. ஆஸ்பத்திரிச் செலவை முழுவதும் இதில் ஏற்றிவிட்டால் கையில் இருக்கும் ரொக்கம் பயிற்சிக்கு மிஞ்சும். அட்டை வீட்டில் இருக்க, பதற்றத்தில் ரொக்கத்தைக் கொட்டிய குடும்பங்கள் நிறைய.

வீட்டுக்கு ஆள் வராத நாளில் ஐகிரவுண்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிசியோதெரபிப் பிரிவுக்குப் போகலாம், கட்டணம் இல்லை. ஆனால் இருபது கிலோமீட்டர் ஆட்டோவில் போய்வரும் செலவையும், போய்வந்த அலுப்பில் அன்றைக்கு வேறு பயிற்சி எதுவும் நடக்காது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் தொக்கணம், வர்ம சிகிச்சை தருகிறார்கள். போவதானால் பிரஷர் மாத்திரையையும் ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரையையும் நிறுத்தாமல், இரண்டு பக்க டாக்டர்களுக்கும் சொல்லிவிட்டுப் போங்கள். "ஒரே எண்ணெய், பதினைந்து நாளில் ஓட வைக்கிறேன்" என்று முன்பணம் கேட்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். திரட்டிய பணம் கண்முன்னே காணாமல் போகும் வழிகளில் அதுதான் முதல்.

நோயாளி சம்பளத்தில் இருந்தவர் என்றால் இ.எஸ்.ஐ. உண்டா என்று பாருங்கள். சாதாரண நோய்க்கு ஆண்டில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் தருகிறார்கள். ஒரு பக்கம் செயலிழந்த நிலை நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. குறைந்தது இரண்டு ஆண்டு வேலையும் போதுமான சந்தாவும் இருந்தால் 80 சதவீதச் சம்பளம் இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். 91 நாளோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பி.எஃப்.பில் நோய்க்கு முன்பணம் எடுக்கும் விதியில் பக்கவாதம் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருந்தது. பீடித் தொழிலாளர்களுக்கும் பி.எஃப். உண்டு, முக்கூடலில் அவர்களுக்கென்றே மத்திய அரசின் மருத்துவமனையும் இருக்கிறது. பீடி சுற்றுகிற அம்மாவுக்கு நோய் வந்தால் அவருடைய அடையாள அட்டையைத்தான் முதலில் தேடுங்கள்.

இன்னொன்று, நோயாளியின் சொந்தப் பணம். வலது கை விழுந்துவிட்டது, கையெழுத்துப் போட வரவில்லை, அதனால் பாங்கில் கிடக்கும் சேமிப்பை எடுக்க முடியவில்லை என்று வீட்டார் வட்டிக்கு வாங்குகிறார்கள். அப்படித் தவிக்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போட முடியாதவர் இரண்டு சாட்சிகள் முன்னால் பெருவிரல் ரேகை வைத்துப் பணம் எடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டலே இருக்கிறது. சாட்சிகளில் ஒருவர் அந்த பாங்கின் அதிகாரியாக இருக்க வேண்டும். கை ரேகையும் வைக்க முடியாதவருக்குக் கால் விரல் ரேகை போதும். கிளை மேலாளரிடம் கடிதம் கொடுத்துக் கேளுங்கள்.

ஊரிடம் கேட்பது

மொத்தத் தொகையைச் சொல்லிக் கேட்காதீர்கள். "ஒரு லட்சம் வேண்டும்" என்றால் கேட்பவர் தன்னால் முடிகிற 500 ரூபாய் எதற்கு ஆகும் என்று ஒதுங்கிவிடுவார். ஒரு நாள் பயிற்சிக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள். 400 ரூபாய்க்கு ஒரு நாள் ஓடும் என்றால், மாதம் இரண்டு நாளை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பேர் கிடைத்தாலே முதல் மூன்று மாதத்தின் பிசியோதெரபி பெரும்பகுதி முடிந்தது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வருகிற நாட்கள் மீதியை நிரப்பும். முகத்துக்கு நேரே கேட்கும்போது இப்படி:

"அண்ணாச்சி, அப்பா பயிற்சிக்கு மாசம் ரெண்டு நாளு நீங்க பொறுப்பு எடுத்துக்கிடணும். ஆறு மாசம்தான். புரட்டாசியோட முடிஞ்சிரும். பணத்தை எங்க கையில தர வேண்டாம், தெரபிஸ்ட் கணக்குலயே போட்டுருங்க."

முடியும் தேதி இருப்பதால் அவர் பயப்படமாட்டார். பணம் நேராக வேலை செய்கிறவருக்குப் போவதால் அவருக்கு ஐயமும் வராது. வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு ஒரு மாதிரி:

"எங்கள் அப்பாவுக்குச் சித்திரை மாதம் பக்கவாதம் வந்து வலது கை, கால், பேச்சு மூன்றும் போயிருந்தன. இப்போது தானாக உட்காருகிறார். புரட்டாசி முடிய வாரம் ஐந்து நாள் பயிற்சி வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். தாளின் படம் கீழே. அரசு பிசியோதெரபிஸ்ட் வருகிற நாள் போக மீதி நாட்களுக்கு நாங்கள் பணம் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு 400 ரூபாய். முடிந்த நாட்களை ஏற்றுக்கொள்ளுங்கள். மாதம் முதல் தேதி கணக்கு இதே குழுவில் வரும். பணமாக முடியாதவர்கள் செவ்வாய், வெள்ளி காலையில் வந்து அப்பாவை நடக்கவைக்க ஒரு கை கொடுத்தால் அதுவும் எங்களுக்குப் பெரிய உதவி."

கடைசி வரியைத் தவறாமல் சேருங்கள். வந்து கை கொடுத்தவர் அடுத்த மாதம் பணமும் கொடுப்பார். இல்லாவிட்டாலும் நோயாளிக்கு வீட்டு ஆட்கள் அல்லாத ஒரு முகம் கிடைக்கும். பக்கவாதத்துக்குப் பிறகு ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. சோர்ந்தவர் பயிற்சிக்கு ஒத்துழைக்கமாட்டார்.

மூக்கில் குழாயோடு வாய் கோணிக் கிடக்கும் படத்தைப் போட்டால் பணம் கூடுதலாக வரும் என்று சிலர் சொல்வார்கள். போடாதீர்கள். பேச்சு போனவருக்குப் பெரும்பாலும் அறிவு போவதில்லை. பலருக்குப் புரிகிறது, சொல்லத்தான் வரவில்லை. ஊரில் தலைநிமிர்ந்து நடந்த ஒருவரை அந்தக் கோலத்தில் நூறு போன்களுக்கு அனுப்புவது அவருக்குச் செய்கிற கொடுமை. எந்தப் படமானாலும் அவரிடம் காட்டி, கண் அசைவிலாவது சம்மதம் வாங்குங்கள். உட்கார்ந்திருக்கும் படம், கம்பியைப் பிடித்து நிற்கும் படம் இவையே போதும். கொடுத்த பணம் வேலை செய்கிறது என்று அவை காட்டும்.

யாரை வசூலுக்கு அனுப்புவது என்பதில் ஊருக்கு ஏற்கெனவே ஒரு ஏற்பாடு இருக்கிறது. அம்மன் கொடைக்கும் சாஸ்தா கோயிலுக்கும் வரி பிரிக்கிறவர்கள் எந்த வீட்டில் எவ்வளவு கேட்கலாம், எந்த வீட்டில் கேட்கவே கூடாது என்று தெரிந்தவர்கள். நோட்டுப் போட்டு எழுதுவார்கள், கொடை முடிந்ததும் வரவு செலவு வாசிப்பார்கள். அவர்களில் ஒருவரைப் பிடியுங்கள். முஸ்லிம் குடும்பம் என்றால் ஜமாஅத்தில் ஜகாத்தும் பைத்துல்மாலும் கேட்கலாம். சபையில் போதகரிடம் சொன்னால் காணிக்கை ஒரு ஞாயிறுக்கு ஒதுக்கப்படலாம். மகளிர் சுயஉதவிக் குழுவில் உறுப்பினராக இருந்தால் உள்கடன் கேளுங்கள். தாராவியிலும் துபாயிலும் இருக்கிற ஊர்ப் பிள்ளைகளுக்குத் தகவல் போகட்டும். மாதா மாதம் அனுப்ப அவர்களால்தான் சுலபமாக முடியும்.

நேரமும் முக்கியம். ஆற்றுப்பாசனத்தில் பிசான நெல் அறுத்த கையோடு கேட்டால் பணமாக இல்லாவிட்டாலும் நெல்லாகக் கிடைக்கும். கால் கோட்டை, அரைக் கோட்டை என்று நாலு வீட்டில் தந்தால் அந்தக் குடும்பத்துக்குச் சில மாத அரிசி. அரிசிக்குப் போகிற காசு பயிற்சிக்குத் திரும்பும். நடவு நேரத்தில் கேட்டுப் பிரயோசனமில்லை, எல்லோர் கையும் காலியாக இருக்கும்.

கணக்கு

இந்தப் பக்கத்திலேயே மறுவாழ்வுக்காகப் பணம் திரட்டிக் காட்டியவர் ஒருவர் இருக்கிறார். ஆய்க்குடி எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல் பொறியியல் மாணவராக இருந்தபோது கடற்படை ஆள்தேர்வுச் சோதனையின்போது கீழே விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டு, கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனவர். 1981-இல் சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை தந்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரை அதற்கு வைத்தார். கொட்டகையில் சில குழந்தைகளோடு தொடங்கியது இன்று மாற்றுத்திறனாளிகளுக்கான பெரிய மறுவாழ்வு மையம். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது. பின்னால் அவரோடு சேர்ந்த எஸ். சங்கரராமன் தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருப்பவர். படிப்பால் பட்டயக் கணக்காளர். ஆய்க்குடி வளர்ந்ததில் அந்தக் கணக்கர் கைக்குப் பெரிய பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். முகம் தெரியாதவர்கள் ஆண்டுதோறும் பணம் அனுப்ப வேண்டுமென்றால் சென்ற ஆண்டுப் பணம் எங்கே போனது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். சேரன்மகாதேவியிலிருந்து ஆய்க்குடி எட்டிவிடும் தூரம்தான்; மறுவாழ்வு விஷயத்தில் அங்கே ஒருமுறை போய்க் கேட்டுவருவது நல்லது.

சேரன்மகாதேவிக்கே இதில் ஒரு பழைய பாடம் உண்டு. 1920-களில் வ.வே.சு. ஐயர் இங்கே நடத்திய குருகுலத்துக்கு ஊரார் பணமும் காங்கிரஸ் கமிட்டி தந்த 5,000 ரூபாயும் போயிருந்தன. அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு என்று தெரிந்ததும், பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில் இது எப்படி நடக்கலாம் என்று பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கேட்டார்கள். கேட்டது நியாயம். பொதுவில் வாங்கிய பணம் எப்படிப் பயன்படுகிறது என்று கேட்கக் கொடுத்தவர்களுக்கு உரிமை இருக்கிறது. அவர்கள் கேட்கிற வரை காத்திருக்காமல் நீங்களே முன்வந்து சொல்லுங்கள்.

நடைமுறை எளியது. தெரபிஸ்டுக்கு நேராகப் போகாத பணத்துக்கு, நோயாளி பெயரிலும் பார்த்துக்கொள்கிறவர் பெயரிலும் புதிதாக ஒரு கூட்டுக் கணக்கு. நகைக்கடன், ரேஷன், பள்ளிக் கட்டணம் எதுவும் அதில் கலக்கக் கூடாது. ஒரு நோட்டில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. குடும்பத்தைச் சாராத ஒருவர், உதாரணமாக ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மாதம் ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். குழுவில் போடும் மாதச் செய்தியில் தொகையோடு ஒரு வரி முன்னேற்றமும் இருக்கட்டும்: "வாசல் வரை வாக்கரில் வந்தார்", "தம்ளரைப் பிடித்தார்". முன்னேற்றம் இல்லாத மாதத்தில் இல்லை என்றே எழுதுங்கள்.

வரியையும் தெரிந்துகொள்ளுங்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் ஒருவர் கணக்கில் வந்த தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால் அந்தத் தொகை முழுவதும் அவருடைய வருமானமாகக் கணக்கிடப்படும். சித்தப்பாவும் தாய்மாமாவும் சட்டப்படி உறவினர். சித்தப்பா மகன் இல்லை. பதிவு பெற்ற அறக்கட்டளை தரும் பணம் இதில் சேராது. மற்ற வருமானம் குறைவான வீட்டில் வரி கட்டும்படி வராமல் போகலாம், ஆனாலும் நோட்டு சரியாக இருக்க வேண்டும். துபாயில் வேலை செய்யும் இந்தியக் குடிமகன் அனுப்பும் பணத்தில் தடை ஏதும் இல்லை. ஊர்க் கமிட்டி பெயரில் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்களிடம் வசூலிக்காதீர்கள். பதிவில்லாத குழு வெளிநாட்டு நன்கொடை வாங்குவதை 2010-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

மிலாப், கெட்டோ போன்ற இணையத் தளங்களில் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: போடலாம், ஆனால் அதை முதல் வழியாக வைக்காதீர்கள். அங்கே பணம் ஈர்ப்பது ஐ.சி.யு.வும் அறுவை சிகிச்சையும்தான். மெதுவாக நடக்கும் பயிற்சிக்கு முகம் தெரியாதவர் கொடுப்பது அரிது. அங்கும் முதல் நன்கொடைகள் உங்கள் ஊர்க்காரர்களிடமிருந்துதான் வரும். கொடுப்பவரிடம் தளம் தனக்கென்று 'டிப்ஸ்' கேட்கும், அது நோயாளிக்கு வராது என்பதையும் உங்கள் ஆட்களுக்குச் சொல்லிவிடுங்கள். "நாங்கள் பரப்பித் தருகிறோம், சதவீதம் கொடுங்கள்" என்று போன் செய்பவர்களைத் துண்டித்துவிடுங்கள்.

வட்டியும் பிள்ளைகளும்

எவ்வளவு நெருக்கடியானாலும் கந்துவட்டிக்குப் போகாதீர்கள். 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீயில் எரிந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. கந்துவட்டியைத் தடைசெய்யும் சட்டம் 2003-லிருந்தே இருக்கிறது. நகை இருந்தால் கூட்டுறவு வங்கியில் வையுங்கள். நகையும் இல்லையென்றால் பயிற்சி நாளைக் குறைத்துக்கொள்ளுங்கள். வாரம் மூன்று நாள் நடக்கும் பயிற்சி, வட்டிக்காரன் வாசலில் நிற்கும் வீட்டில் ஐந்து நாள் நடப்பதைவிட நீடிக்கும்.

வசதியுள்ள மகன் கையை விரித்துவிட்ட வீடுகளும் உண்டு. அப்படிப்பட்ட பெற்றோருக்காக ஊரில் வசூலிப்பது கடினம். "மகன் இருக்கானே" என்ற ஒரு பேச்சில் எல்லாம் நின்றுவிடும். பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டம் 2007-இன்படி மனு கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வரை தரும்படி உத்தரவிடலாம். இதை விசாரிக்கும் தீர்ப்பாயம் கோட்ட அளவில் இருக்கிறது. சேரன்மகாதேவிக் கோட்டத்துக்கு சப்-கலெக்டர் அலுவலகம் உள்ளூரிலேயே இருக்கிறது. வக்கீல் வேண்டியதில்லை. பெற்ற மகன் மேல் மனுக் கொடுக்க எந்தத் தாய்க்கும் மனசு வராது என்பது எனக்குத் தெரியும். பெரும்பாலும் மனு எழுதிவிட்டோம் என்று பெரியவர் ஒருவர் மூலம் சொல்லி அனுப்பினாலே பணம் வரத் தொடங்கும். அதை முதலில் செய்து பாருங்கள்.

ஆறாம் மாதம்

மாற்றுத்திறனாளிச் சான்று வாங்க நோய் வந்து ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். நரம்புப் பாதிப்பை அதற்குப் பிறகுதான் அளவிடுவார்கள். அந்தத் தேதியை முதல் நாளே காலண்டரில் குறித்து வையுங்கள். 40 சதவீதம் பாதிப்பு என்று சான்று வந்தால் தேசிய அடையாள அட்டை கிடைக்கும். நகரப் பேருந்தில் அவரும் துணைக்கு ஒருவரும் கட்டணமில்லாமல் போகலாம். சக்கர நாற்காலி போன்ற உபகரணங்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். 75 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் மாத உதவித்தொகை உண்டு, 2023-இல் அது 2,000 ரூபாயாக உயர்ந்தது. மனு நகருவதற்கு நாளாகும். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்து ரசீது வாங்கிவையுங்கள். தமிழக அரசின் உரிமைகள் திட்டத்தில் கோட்டங்களில் திறக்கப்படும் 'விழுதுகள்' சேவை மையங்களில் பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் தருகிறார்கள். உங்கள் கோட்டத்து மையம் எங்கே என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

ஆறு மாதம் முடிந்த அன்று வசூலையும் சொன்னபடி முடித்துவிடுங்கள். பயிற்சி இன்னும் வேண்டும் என்று தெரபிஸ்ட் சொன்னால், புதிதாக ஒரு கடிதம், புதிதாக ஒரு தேதி, வாரத்துக்கு எத்தனை நாள் என்ற புதுக் கணக்கு இவற்றோடு மறுபடி கேளுங்கள். பழைய வசூலை இழுத்துக்கொண்டே போகாதீர்கள். கடைசிக் கணக்கில் மொத்த வரவு, மொத்தச் செலவு, நடந்த பயிற்சி நாட்கள், மீதித் தொகை நான்கும் இருக்க வேண்டும். மீதி இருந்தால் அது யாருக்குப் போகிறது என்பதையும், வாங்கிய வாக்கரும் கட்டிலும் இப்போது யார் வீட்டில் இருக்கின்றன என்பதையும் எழுதி, பார்த்த ஆசிரியரின் கையெழுத்தோடு எல்லோருக்கும் அனுப்புங்கள்.